கப்பற் பட்டியல்களில் நம் முன்னோர்

அழகர்மலையின் அடிவாரத்திலே, சுந்தரராஜப் பெருமாளின் கோபுர வாயிலில், பதினெட்டாம்படிக் கருப்பண்ணசுவாமியின் சந்நிதி விளங்குவதை அறியாதார் நம்முள் எவருமிலர். அங்கே நாம் வணங்குவது மூடிய கதவையும் அதன் கீழுள்ள பதினெட்டுப் படிகளையுமே. கொடுக்கல் வாங்கலில் பிணக்கு நேரினும், பங்காளிகளுக்குள் பாகத் தகராறு எழினும், "பதினெட்டாம்படியில் வந்து சத்தியம் செய்" என்று ஊரார் கூறுவது நெடுநாளைய வழக்கம். அக்கதவின் முன்னே பொய் சொல்ல நா எழாது என்பது நம் நாட்டார் நம்பிக்கை. ஒருவன் இன்னாருடைய மகன், இன்ன ஊரினன், இன்ன தெய்வத்தைக் கும்பிடுகிறவன் என்பதற்கும் இவ்வாறே ஊரும் உறவும் தெய்வமுமே சாட்சியாய் நின்றன. காகிதம் வேண்டப்படவில்லை.

ஆனால் கடலைத் தாண்டியவனுக்கு இந்தச் சாட்சிகளில் எதுவும் துணை வரவில்லை. ஊரும் வரவில்லை, உறவும் பெரும்பாலும் வரவில்லை. அவனுடன் கப்பலேறியது ஒரு குமாஸ்தா எழுதிய ஒரே ஒரு வரி. அவ்வரியிலே அவன் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், தேகத்திலுள்ள அடையாளம் ஆகியவை அடங்கியிருந்தன. இந்த வரிகளின் தொகுதிக்கே கப்பற் பட்டியல் என்று பெயர். அதனைப் பற்றியும், அது நமக்கு உணர்த்தும் கடமையைப் பற்றியும் சங்கத்து அன்பர்கள் முன் சில சொல்ல விரும்புகிறேன்.

பட்டியல் பிறந்த வரலாறு

பிரிட்டிஷ் ராஜ்யத்தின் பெரும்பாலான குடியேற்ற நாடுகளில் 1834-ம் வருஷம் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்குப் பதிலாக வேறு ஆட்களைத் தேடலாயினர். அவர்கள் கண்ணில் பட்டது நம் பாரத தேசம். அவ்வருஷமே மொரீஷியஸ் தீவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படி அனுப்பப்பட்டனர். 1834 முதல் 1910 வரை அத்தீவொன்றுக்கு மட்டும் நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட நம் தேசத்தவர் சென்றனர். தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு முதற் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. "ட்ரூரோ" என்னும் அக்கப்பல் 1860-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னையை விட்டு, நவம்பர் 16-ந் தேதி 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. 1911-ம் வருஷம் அம்முறை அங்கே நிறுத்தப்படுமளவும் 1,52,184 பேர் நேட்டாலில் இறங்கினர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்.

ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் பலவாயினும் சாரம் ஒன்றே. ஐந்து வருஷம் ஒரு முதலாளியிடம் உழைக்க வேண்டும். நேட்டாலில் முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலியும், பின்னர் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வும், அதனுடன் அரிசி முதலிய படியும் உண்டு. முதலாளியின் அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளிச்செல்லல் குற்றமாகும். பத்து வருஷம் அந்நாட்டில் தங்கியவனுக்குத் திரும்பிவரக் கப்பற் கட்டணம் இலவசம்.

இவ்வேற்பாட்டில் மோசடி மலிந்தமையால் அரசாங்கம் சட்டங்களை இயற்றிற்று. 1864, 1883-ம் வருஷங்களின் குடிபெயர்ச்சிச் சட்டங்கள் அவற்றுள் முக்கியமானவை. ஆள் சேர்ப்பவன் அனுமதி பெற்றவனாயிருத்தல் வேண்டும். அழைத்துச் செல்லப்படுபவனை ஓர் உத்தியோகஸ்தர் முன் நிறுத்தி, நிபந்தனைகளை அவனுக்கு எடுத்துரைத்து, அவன் மனமார இசைகின்றானா என்று வினவுதல் வேண்டும். பின்னர் துறைமுக நகரத்து டிப்போவிலே வைத்தியர் பரிசோதிப்பார். அதன் பின்னரே பெயர் பட்டியலில் ஏறும். கப்பல் கரை சேர்ந்தவுடன் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அன்று முதல் தோட்டத்திலும், நீதி ஸ்தலத்திலும், ஆஸ்பத்திரியிலும், மரணப் பதிவிலுங்கூட அவ்வெண் அவனைத் தொடர்ந்து சென்றது.

ஆகவே இப்பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். அது நம் முன்னோரின் பெருமையைப் பாதுகாக்க எழுதப்பட்டதன்று. எத்தனை ஆட்கள் இறங்கினர், எந்த முதலாளி எத்தனை பேருக்குப் பணம் செலுத்தவேண்டும், ஓடிப்போனவனை எந்தத் தழும்பால் கண்டுபிடிப்பது என்பனவே எழுதினோரின் நோக்கம். மொரீஷியஸில் 1867-ம் வருஷத்துச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தவரும் புகைப்படம் பதித்த சீட்டை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டுமென விதித்தது. சீட்டில்லாதவன் திரிபவன் எனப் பிடிபட்டான். இக்கொடுமையைக் கண்டு மனம் பொறாத ப்ளெவிட்ஸ் என்னும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர் 1871-ம் வருஷத்தில் 9,401 தொழிலாளரின் ஒப்பம் பெற்று விண்ணப்பம் எழுதினார். அதன் பயனாக ராஜாங்க விசாரணைக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது.

பட்டியலைப் படிக்கும் முறை

எழுதினோர் நோக்கம் எதுவாயினும், இன்று அவ்வரிகளே அம்மக்களின் சந்ததியாருக்குப் பூர்வ பத்திரமாய் நிற்கின்றன. நேட்டால் பட்டியல்கள் டர்பன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மொரீஷியஸ் ஏடுகளும் புகைப்படங்களும் அத்தீவின் மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை சென்ற ஏறக்குறைய 61,000 பேருடைய குடிபெயர்ச்சிச் சீட்டுகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1903 முதல் சென்னையிலிருந்தும் அங்கே கப்பல்கள் சென்றன. பிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் நாடுகளின் ஏடுகளை 2011-லும், மொரீஷியஸ் ஏடுகளை 2015-லும் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக நினைவுச் செல்வங்களாக ஏற்றுக்கொண்டது. நேட்டால் பட்டியல்களை ஆதாரமாகக் கொண்டு சுரேந்திர பானா என்னும் ஆராய்ச்சியாளர் 1991-ல் ஒரு தனி நூலே வெளியிட்டனர்.

இவற்றைப் படிப்போர் ஒவ்வொரு பத்தியிலும் ஒவ்வொரு வகையான எச்சரிக்கை கொள்ளல் வேண்டும்.

முதலாவது, பெயர். தமிழ்ப் பெயரைத் தமிழறியாத குமாஸ்தா காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் வரைந்தான். நம் நாட்டு ழகரத்துக்கு அவன் எழுத்தில் இடமில்லை. அழகர், அழகிரி, அழகம்மாள் என்று நம் பக்கத்தில் வீட்டுக்கொருவர் இருப்பர். அப்பெயர்கள் பட்டியலிலே அலகர், அல்லகிரி, அலகம்மா என்று உருமாறி நிற்கலாம். சோலைமலை என்பது சோலமல்லி ஆகலாம். இரண்டு கப்பல்களில் இரண்டு விதமாக எழுதப்பட்ட ஒரே பெயரை இரண்டு பெயரென மயங்கலாகாது. அங்ஙனமே, ஒரேவிதமாய் எழுதப்பட்டமை கொண்டு இரு வேறு பெயர்களை ஒன்றெனவும் துணியலாகாது.

இரண்டாவது, தகப்பன் பெயர். இப்பத்தியே மற்றெல்லாவற்றினும் நம்பத் தக்கது. ஜாதியை மாற்றிக் கூறியவனும், வயதைக் குறைத்துக் கூறியவனும், தகப்பன் பெயரை மாற்றக் காரணம் அரிது. அன்றியும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் நம் குல வழக்கம். கப்பலேறியவனின் தகப்பன் பெயர் அங்கே பிறந்த மூத்த மகனுக்கும் வழங்கியிருக்கும். இங்கே ஊரில் தங்கிய உடன்பிறந்தான் மகனுக்கும் வழங்கியிருக்கும். ஒரு பெயர் இரு கரைகளிலும் தலைமுறைதோறும் மாறி மாறி வருமாயின், அது வெறும் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

மூன்றாவது, ஜில்லாவும் கிராமமும். "மதுரா ஜில்லா" என்று 1880-ம் வருஷத்துப் பட்டியலிற் கண்டவுடன் இன்றைய மதுரை மாவட்டமென்று எண்ணிவிடலாகாது. அந்நாளைய மதுரா ஜில்லா திண்டுக்கல், பழனி, பெரியகுளம் தாலூகாக்களையும், இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களையும் தன்னுட் கொண்டிருந்தது. 1910-ம் வருஷத்தில் இராமநாதபுரம் தனி ஜில்லாவாயிற்று. 1985-ல் திண்டுக்கல்லும் சிவகங்கையும், பின்னர் தேனியும் தனித்தனி மாவட்டங்களாயின. ஆகவே மதுரா ஜில்லா என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு தேடுவோன் ஐந்து மாவட்டங்களையும் மனத்தில் வைத்தல் வேண்டும். ஊர்ப்பெயர்களோ இன்னும் இடர் தருவன. கள்ளந்திரி "கல்லந்தரி" ஆகவும், கிடாரிப்பட்டி "கெடரபெட்டி" ஆகவும் எழுதப்பட்டிருக்கக் கூடும். ஒரே பெயருடைய பட்டிகள் ஒரு தாலூகாவிலேயே இரண்டு மூன்று உள்ளன என்பதை நாம் சொல்லாவிடில் டர்பனிலிருப்போர் எங்ஙனம் அறிவர்?

நான்காவது, உறவும் வயதும். வயது பெரும்பாலும் கண்ணளவால் மதிக்கப்பட்டது. நூறு ஆடவருக்கு நாற்பது ஸ்திரீகள் என்னும் விகிதம் நேட்டாலுக்கு விதிக்கப்பட்டிருந்தமையால், ஸ்திரீகளைச் சேர்ப்பதில் ஏஜெண்டுகள் பெரும் பிரயாசை கொண்டனர். டிப்போவில் சந்தித்தோர் அங்கேயே கணவன் மனைவியராய்ப் பதிவு பெற்றதும் உண்டு. தனித்துச் சென்ற ஸ்திரீகளும் பலர். பஞ்சத்தில் கணவனை இழந்தோரும், குடும்பத்தாரால் கைவிடப்பட்டோரும் அவருள் இருந்தனர். அவர்களைப் பற்றி இழிவாய்ப் பேசுவது அறியாமையாகும். கையில் ஒரு குழந்தையுடன், மொழி தெரியாத நாட்டுக்கு, ஐந்து வாரக் கடற்பிரயாணத்துக்குத் துணிந்த நெஞ்சுரம் எளியதன்று.

ஜாதிப் பத்தி

ஐந்தாவதாகிய ஜாதிப் பத்தியைப் பற்றி நம் போன்ற ஒரு சங்கத்தின் பத்திரிகையிலே மறையாது பேசுதல் கடமை. கப்பற் பட்டியலின் நகல் கிடைத்தவுடன் நம்மவர் கண் முதலில் ஓடுவது இந்தப் பத்திக்கே. ஆனால் எல்லாப் பத்திகளிலும் நம்பத் தகாதது இதுவேயாம். பழைய பட்டியல்களில் "மலபார்" என்றும் "ஜெண்டு" என்றும் ஜாதி எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். முன்னது தமிழரையும், பின்னது தெலுங்கரையும் வெள்ளைக்காரர் குறித்த சொற்கள். அவை ஜாதியல்ல, பாஷை. வேறு சில வரிகளில் கிறிஸ்தவர், முகம்மதியர் என மதம் ஜாதியாயிற்று. மற்றும் சிலவற்றில் பட்டப்பெயரும் தொழிற்பெயரும் ஜாதியென எழுதப்பட்டன. உழவு வேலைக்குப் பழகாதாரை ஏஜெண்டுகள் விரும்பாமையால், சேரும் பொருட்டு வேறு ஜாதி சொன்னோரும் உண்டு. கேட்டவன் அவசரத்தில் கேட்டான். சொன்னவன் அச்சத்தில் சொன்னான். எழுதியவன் தனக்குத் தெரிந்ததை எழுதினான்.

கப்பலிலோ ஒரே அடுப்பில் வெந்த சோற்றையே அனைவரும் உண்டனர். ஒரே தட்டில் நெருங்கிப் படுத்தனர். கரையேறிய பின் பிள்ளை, முதலியார், நாயுடு, கவுண்டர், படையாச்சி முதலிய பட்டங்கள் அங்கே குடும்பப் பெயர்களாய் நிலைத்தன. வேறு பலர் தகப்பன் அல்லது பாட்டன் பெயரையே குடும்பப் பெயராய்க் கொண்டனர். ஆதலால் அங்குள்ள ஒருவரின் குடும்பப் பெயரைக் கொண்டு "இவர் நம்மவர்" என்று கூறுவதும், பட்டியலில் வேறு ஜாதி எழுதியிருப்பது கொண்டு "இவர் நம்மவரல்லர்" என்று கதவடைப்பதும் இரண்டுமே தவறு.

சீட்டால் கட்டுண்டோரும் சீட்டின்றி நலிந்தோரும்

இத்தகைய பட்டியல்கள் நம்மவருக்கு மட்டும் உரியனவல்ல. சீன தேசத்தாரின் கதையையும் சிறிது நோக்குவோம். அமெரிக்கா 1882-ம் வருஷத்தில் சீனத் தொழிலாளர் உட்புகாவண்ணம் தடைச் சட்டம் இயற்றிற்று. அதன் பின்னர் அங்கே இறங்கும் கப்பல்களின் பிரயாணிப் பட்டியல், வருவோரை வரவேற்கும் ஏடாயிராது, தடுத்து நிறுத்தும் ஏடாயிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை சீனரை நிறுத்தி வைத்து விசாரித்தனர். "உன் வீட்டு வாசலில் படிகள் எத்தனை? கிணறு எந்தத் திசையில் உள்ளது? அண்டை வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்றெல்லாம் கேட்டு, முன்னரே வந்த உறவினரின் விடையோடு ஒத்துப் பார்த்தனர். 1906-ம் வருஷத்துப் பூகம்பத்திலும் தீயிலும் அந்நகரத்துப் பிறப்பேடுகள் அழிந்தமையால், அங்கே பிறந்ததாகக் கூறிப் பிறர் மகனெனக் காகிதத்தில் மட்டும் மகனாய் வந்தோரும் பலர். அச்சட்டம் நீங்கியது 1943-ல்தான். அன்று சிறைப்படுத்த எழுதிய அவ்விசாரணைக் குறிப்புகளே இன்று அவர்தம் பேரர்கள் தங்கள் பூர்வ கிராமத்தைத் தேடும் வழித்துணையாய் உள்ளன.

தென்னாப்பிரிக்காவில் இவ்விரு தேசத்தாரின் விதியும் ஒன்றாயிற்று. டிரான்ஸ்வால் பொன் சுரங்கங்களுக்கென 1904-ம் வருஷம் முதல் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சீனர் டர்பன் துறையில் இறக்கப்பட்டனர். பின்னர், டிரான்ஸ்வாலில் வாழும் ஆசியாக்காரர் எல்லோரும் விரல் ரேகை பதித்துச் சீட்டுப் பெறவேண்டுமென்று சட்டம் வந்தது. காந்தியடிகள் தலைமையில் இந்தியரும், லியுங் குவின் தலைமையில் சீனரும் அதனை எதிர்த்தனர். தமிழர்களைத் திரட்டி முன்னின்ற தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். 1908-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி ஜோஹானஸ்பர்க் மசூதியின் முற்றத்திலே, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைக் கொப்பரையிலிட்டு எரித்தனர். சீட்டு எழுதப்படுவது எதற்காக, யார் கையில் அது அதிகாரமாகிறது என்பதை அம்மக்கள் நன்குணர்ந்தேயிருந்தனர்.

இனி நம் மதுரைச் சீமைக்கு வருவோம். உண்மையைச் சொல்லுமிடத்து, நேட்டாலுக்குச் சென்ற தமிழருட் பெருந்தொகையினர் வட ஆர்க்காடு முதலிய வடபகுதியினர். நம் பக்கத்தார் மிகுதியாய்ச் சென்றது இலங்கைக்கும் மலேயாவுக்குமே. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய பெரும் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள். அக்காலத்தில் மேலூர் பக்கத்து வயல்களுக்குப் பெரியாற்று நீர் இல்லை. 1895-ல் அணை திறக்கப்பட்ட பின்னரே அது வந்தது. மழையையும் கண்மாயையும் நம்பியிருந்த குடிகள், இரண்டு பருவம் பொய்த்தால் வழி தேடி நடப்பதன்றி வேறென் செய்வர்? கங்காணி முன்பணம் தந்தான். கூட்டமாய் அழைத்துச் சென்றான். இராமநாதபுரக் கரையில் தோணியேற்றினான். மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் வாந்திபேதியாலும் விஷசுரத்தாலும் மாண்டோர் பலர்.

இவர்களுக்குக் கப்பற் பட்டியல் இருந்ததா எனின், நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் இருந்தது போன்று இல்லை. 1847-ம் வருஷத்துச் சட்டம் இலங்கைப் பிரயாணத்தைக் குடிபெயர்ச்சிக் கட்டுப்பாடுகளினின்றும் நீக்கிவிட்டது. ஆகவே அந்நூற்றாண்டில் இலங்கைத் துறைகளில் தலைகளை எண்ணினார்களேயன்றி, ஒவ்வொருவரின் தகப்பன் பெயரையும் ஊரையும் வரி வரியாய் எழுதினாரல்லர். அவன் பெயர் ஏறியது கங்காணியின் பற்றேட்டில். அவன் கையிலிருந்த காகிதம் "துண்டு" என்னும் கடன் சீட்டு. கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாமற் கட்டிய அந்தத் துண்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது.

சீட்டில்லாதது நல்லதுதானே, அடிமைத் தளை ஒன்று குறைந்ததே, என்று தோன்றலாம். அதன் விலை பின்னர் தெரியவந்தது. சுதந்திரம் பெற்ற இலங்கை 1948-ம் வருஷத்தில் 18-ம் நெம்பர் பிரஜா உரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அந்நாட்டிற் பிறந்தவனே ஆயினும், தன் தகப்பனார் அங்கே பிறந்தவரென்றாவது, பாட்டனாரும் அவர் தகப்பனாரும் அங்கே பிறந்தவரென்றாவது ஒருவன் நிரூபித்தல் வேண்டும். தோட்டங்களில் பிறப்புப் பதிவு ஒழுங்காய் நடந்திராமையால், மூன்று தலைமுறை தேயிலைக் கொழுந்து கிள்ளிய குடும்பங்களும் சாட்சியின்றி நின்றன. அடுத்த வருஷத்துச் சட்டத்தின்படி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் எழுந்தன. பிரஜா உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. 1964-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி, நாடற்று நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாய்ப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாமில் வந்திறங்கிய அம்மக்களிற் பலர், "உங்கள் சொந்த ஊர் எது?" என்னும் கேள்விக்குப் பாட்டி வாயிற் கேட்ட ஒரு பெயரையன்றி வேறு விடை கூற இயலாது தவித்தனர். நாடற்று நின்றோரின் பிரஜா உரிமைக்கு இலங்கையில் 2003-ம் வருஷத்துச் சட்டமும் வழி செய்தது.

இங்ஙனம் காகிதத்தின் இரு முகங்களையும் நம்மவர் கண்டனர். ஜோஹானஸ்பர்க்கில் அது விலங்காயிற்று, எரித்தனர். இலங்கையில் அது இல்லாமையே விலங்காயிற்று. இதனின்று நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஒரு மனிதனைப் பற்றிய சாட்சியை அவனை ஆளுகிறவன் மட்டுமே எழுதி வைத்திருப்பின், அது அவன் நலத்துக்கு உதவும் என்னும் உறுதி எக்காலத்துமில்லை. அவனுடைய சொந்த ஜனங்களும் தங்கள் பங்குச் சாட்சியை எழுதி வைத்தல் வேண்டும்.

நம் கடமை

அவ்வாறு நாம் எழுதி வைத்திருக்கிறோமா? நம் வீடுகளில் வம்சாவளி எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் சில குடும்பங்களில், அக்கரைக்குக் கூலி வேலைக்குப் போனவரின் பெயர் அவ்வம்சாவளியில் இராது. "அவன் போய்விட்டான்" என்று வாய்ச்சொல்லாய்க் கூறுவர், ஏட்டில் ஏற்றமாட்டார். கடன்பட்டுப் போனான் என்றும், சொல்லாமற் போனான் என்றும், போன இடத்தில் கலந்துவிட்டான் என்றும் அதற்குக் காரணம் கூறப்படும். வெள்ளைக்காரக் குமாஸ்தாகூட ஒரு வரி எழுதிய மனிதனுக்கு, உடன்பிறந்தார் வீட்டு ஏட்டில் ஒரு வரி இல்லையாயின் அது யாருக்கு அவமானம்? போனவனுக்கன்று.

பட்டியலில் ஒரு பாதியே உள்ளது. மறு பாதி நம் ஊர்களில், முதியோர் நினைவில் உள்ளது. அது நாள்தோறும் மறைந்து வருகிறது. ஆகவே சங்கத்துக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கீழ்க்கண்டவற்றை எழுதி வைக்கும்படி வேண்டுகிறேன். அக்கரை சென்றவர் பெயர், அவர் தகப்பனார், உடன்பிறந்தார் பெயர்கள், எந்தப் பஞ்சம் அல்லது எந்த நிகழ்ச்சியை ஒட்டிப் போனார் என்பது, எந்த நாடு, ஊரின் பழைய பெயரும் இக்காலப் பெயரும், குலதெய்வமும் கும்பிடும் இடமும், கடிதம் அல்லது புகைப்படம் இருப்பின் அதன் விவரம். ஸ்திரீகளின் பெயர்களை விட்டுவிடலாகாது. தாய்வழியும் மாமன்வழியும் எழுதப்பட்டாலன்றி உறவு விளங்காது.

அக்கரையிலிருந்து ஒருவர் பட்டியல் நகலுடன் நம் ஊர் வாசலில் வந்து நிற்பாராயின், என்ன செய்தல் வேண்டும் என்பதையும் கூறி முடிப்பேன். முதலில் உட்கார வைத்து மோர் கொடுங்கள். பின்னர் தகப்பன் பெயரைக் கேளுங்கள். அதன்பின் ஊர்ப்பெயரை வாய்விட்டுப் பலவிதமாய்ச் சொல்லிப் பாருங்கள். பிஜிச் சீட்டாயின் அதிலே நெருங்கிய உறவினர் பெயர் எழுதும் இடமும் உண்டு. அதனைத் தவறாது நோக்குங்கள். குடும்பத்தில் வழிவழியாய் எந்தத் தெய்வத்துக்குப் பூஜை செய்கின்றனர் என்று விசாரியுங்கள். மொழியை மறந்த வீடுகளிலும் தெய்வத்தின் பெயர் மறவாதிருத்தல் கூடும். ஜாதிப் பத்தியைக் கடைசியாய்ப் பாருங்கள். அது ஒத்திராவிடினும் அவரை வெறுங்கையாய் அனுப்பாதீர்கள். உறவு நிச்சயமாகாவிடில், நிச்சயமாகவில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். பொருளை நாடியோ, பெருமையை நாடியோ இல்லாத உறவைக் கட்டிக் கூறுவது பதினெட்டாம்படியில் பொய்ச்சத்தியம் செய்வதற்கு ஒப்பாகும்.

மொரீஷியஸின் போர்ட் லூயி துறையிலே ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய கட்டிடத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. ஆப்பிரவாசி காட் என்று பெயர் பெற்ற அவ்விடத்தை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பொதுச் சொத்தாக அறிவித்தது. கடற்கரையிலிருந்து மேலேற அங்கே பதினாறு கற்படிகள் உண்டு. வருஷந்தோறும் நவம்பர் 2-ந் தேதி அத்தீவார் அப்படிகளில் மலர் வைத்து முன்னோரை வணங்குகின்றனர். அவர்கள் அந்தப் பதினாறு படிகளை மறவாமலிருக்கிறார்கள். பதினெட்டுப் படிகளின் நிழலில் வாழும் நாம் நம் பங்குக்குச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர்கள். வருகிற சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைச் சேவிக்க வரும் சங்கத்துக் குடும்பங்கள், தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டெழுதிய குறிப்புகளை உடன் கொண்டுவருமாறு வேண்டுகிறேன். அவற்றையெல்லாம் ஒரே ஏட்டில் சேர்த்துச் சங்கத்தில் வைப்போம்.

சுபம்.